குற்றப் பரம்பரைக் கோப்புகளில் தொழிலைத் தேடி வாசிப்பது எப்படி

உப்புக் குறவர், இஞ்சிக் குறவர், தப்பைக் குறவர் என்று தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கும் பெயர்களைச் சற்று நின்று வாசித்தால், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சரக்கு நிற்பது தெரியும். தப்பை என்பது பிளந்த மூங்கில். சென்னை மாகாணத்து நாடோடிக் குடிகளைப் பற்றிய காலனியக் கோப்புகளை வாசிக்கப் புகுவோர், முதலில் இந்தச் சரக்கைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பு குற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். தொழிலை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

அடுத்து, சில குடிகளை முழுதாகவே குற்றவாளிகள் என்று அறிவித்துக் கண்காணித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துப் படியுங்கள். வட இந்தியாவில் முதலில் அமலான 1871ஆம் ஆண்டுச் சட்டம், நிலையான வசிப்பிடம் இல்லாத குடி ஒன்று செய்யும் தொழில் அதன் மெய்யான தொழில்தானா, அல்லது குற்றம் செய்வதற்கு வசதியாகப் போட்டுக்கொண்ட வேடமா என்று மாகாண அரசு தன் அறிக்கையில் கருத்துச் சொல்ல வேண்டும் என்றது. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கோப்பு திறந்துவிடும். ‘பார்வைக்குக் கூடை முடைபவர்கள்’ என்ற தோரணையில் எங்கேனும் எழுதியிருந்தால், கூடையைக் குறித்துக்கொண்டு, ‘பார்வைக்கு’ என்பதன் கீழ்க் கோடிடுங்கள். முடைந்த கூடை கண்ணெதிரே இருந்தும் அதை வேடம் என்று எண்ண அதிகாரிக்கு இடம் கொடுத்தது அந்தச் சொல்தான்.

பிறகு அந்தத் தொழில் எப்போது நொடித்தது என்று பாருங்கள். உப்புக் குறவர்கள் கடலோர அளங்களில் உப்பு வாங்கி, கழுதையிலும் பொதிமாட்டிலும் ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள். 1805இல் சென்னை மாகாணத்து உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கி, இருப்புப்பாதை உள்நாட்டுக்கு நீள நீள, உப்பு மூட்டைகளும் ரயிலேறின. 1876–78 பஞ்சம் மாற்றுத் தானியத்தையும் மாட்டையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. சென்னை மாகாணத்துக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீட்டியது 1911ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வாண்டுகளை வரிசையாக எழுதி, ஒரு குடி குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்ட தேதியை அருகில் வைத்துப் பாருங்கள். பிழைப்பு போன கதையைக் கோப்பு சொல்லாது, தேதிகள் சொல்லும்.

பிரிவு எண்களில் நெடுநேரம் செலவிட வேண்டாம். அறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது; பதிவானவர் ரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அதிக நேரம் கேட்பது, அறிவிக்கப்பட்ட குடிகளை அடைத்து வைத்த குடியேற்றங்களைப் பற்றிய பகுதி. இன்றைய ஆந்திரத்தின் பாபட்லா அருகே இரட்சணிய சேனை என்ற கிறித்தவ அமைப்பு நடத்திய ஸ்டூவர்ட்புரத்தில், தெலுங்குப் பகுதிக் குறவர்களான எருகுலர் குடும்பங்கள் அடைக்கப்பட்டன. அங்கிருந்து சீராலாவின் புகையிலை ஆலைக்கு ஆட்கள் வேலைக்குப் போனார்கள். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சீதாநகரத்தில் கல்குவாரி வேலை. ஆகவே போலீஸ் கோப்புகளோடு நின்றுவிடாமல் பொதுப்பணித் துறைக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கூலி யார் கொடுத்தார், யார் கையில் கொடுத்தார், எவ்வளவு பிடித்தம், முதலாளியின் கடிதம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளிலும் தேடுங்கள். அனுமதியின்றி வெளியேறுவது தண்டனைக்குரியது என்பதால், கூலி கட்டுப்படியாகாத வேலையை உதறிவிட்டு அடுத்த ஊருக்குப் போவதும் அவர்களுக்குக் குற்றமாகவே முடிந்தது. ‘தப்பியோடினார்’ என்ற பதிவைக் கண்டால், அதே மாதத்துக் கூலிக் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் நகராதீர்கள்.

பதிவேடுகளில் ஆட்களின் பெயரும் உடற்குறிகளும் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மிடையே வாழ்கிறார்கள் என்பதால், படியெடுக்கும்போது ஊர், தொழில், கூலி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெரியவர்களிடம் போகும்போது சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். உப்பு எந்த அளத்திலிருந்து வந்தது, ஒரு பொதிக்கு எத்தனை படி, எந்தச் சந்தையில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரேகை வைத்த காலம் அந்தப் பேச்சிலேயே வந்து சேரும்.