யூனிவர்சிட்டி வெப்சைட்டை மாற்றுத்திறனாளி ஸ்டூடண்ட்ஸ் தனியா யூஸ் பண்ணணும்னா எங்க கைவைக்கணும்

முதல்ல ஹோம்பேஜை விட்டுடுங்க. ஆக்சசிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் யூஸ் பண்ற மாதிரி சைட் இருக்கணும்னு ஒரு லெட்டர் வந்த உடனே மேல வலது மூலையில ஏ ப்ளஸ், ஏ, ஏ மைனஸ்னு மூணு பட்டன் வச்சு, பக்கத்துல ஒரு வீல்சேர் ஐகானும் போட்டு ஃபைலை மூடிடறாங்க. ஸ்டூடண்ட் வர்றது துணைவேந்தர் போட்டோ பாக்கவா? எக்ஸாம் ஃபீஸ் கட்டணும், ஹால் டிக்கெட் எடுக்கணும், ரிசல்ட் பாக்கணும், சர்க்குலர் படிக்கணும், அவ்ளோதான். இந்த நாலையும் ஒருத்தர் யார் உதவியும் இல்லாம செய்ய முடியுதான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

பாக்கறதுக்கு காசு வேணாம். என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், ஸ்கிரீன்ல இருக்கறதை குரல்ல படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், விண்டோஸ்ல ஓடும், ஃப்ரீ, பார்வையில்லாத ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க 2006ல ஆரம்பிச்சது. அதைப் போட்டுட்டு மானிட்டரை ஆஃப் பண்ணுங்க, மவுஸைக் கழட்டி வைங்க. டேப் கீ தட்டினா அடுத்த லிங்க்குக்கோ பாக்ஸுக்கோ போகும், எச் தட்டினா அடுத்த ஹெட்டிங், எஃப் தட்டினா அடுத்த ஃபார்ம் பாக்ஸ். இதை வச்சு உங்க சைட்ல ஃபீஸ் கட்டிப் பாருங்க. இதைவிட நல்லது, தினமும் ஸ்கிரீன் ரீடர்ல வாழற ஒரு ஸ்டூடண்ட்டைக் கூப்பிட்டு பக்கத்துல உக்காருங்க, நடுவுல வாயத் திறக்காதீங்க.

நான் அப்படித்தான் எம்.ஏ. படிக்கிற ஒரு தம்பியோட உக்காந்தேன். நாங்க வருஷக்கணக்கா பெருமையா வச்சிருந்த ஃபீஸ் பேஜ் அது. ஸ்பீக்கர்ல வந்தது இதுதான்: "எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க்." அவன் மூணு தடவை மேலயும் கீழயும் போயிட்டு, "அண்ணா, இதுல ரெஜிஸ்டர் நம்பர் எது, டேட் ஆஃப் பர்த் எது?"ன்னு கேட்டான். எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. கண்ணுக்கு பாக்ஸ் பக்கத்துலயே பேர் இருக்கு, ஆனா கோட்ல அது வேற டேபிள் செல்லுல தனியா கிடக்கு, பாக்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேரை கோட்ல லேபிள் (label) டேக்ல போட்டு, அதோட ஃபார் (for)ங்கற இடத்துல பாக்ஸோட ஐடியை குடுத்தா முடிஞ்சுது. மொத்தமே பத்து நிமிஷ வேலை. தப்பா டைப் பண்ணா பாக்ஸைச் சுத்தி சிவப்பு கோடு மட்டும் வருது பாருங்க, அதுவும் அதே கதைதான், "பிறந்த தேதி தப்பு"ன்னு எழுத்துல வரணும், அது அந்த பாக்ஸோட கட்டியிருக்கணும்.

அடுத்து கேப்ச்சா. ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் கேக்கற ரிசல்ட் பேஜுக்கு கோணல்மாணலா எழுத்துப் படம் எதுக்குங்க? ஒரே இடத்துல இருந்து ஓவரா ரிக்வெஸ்ட் வந்தா சர்வர்ல தடுங்க, இல்ல மொபைலுக்கு ஓடிபி அனுப்புங்க. செஷன் டைம் அவுட்டும் பாருங்க, கை நடுங்கறவங்களுக்கு அஞ்சு நிமிஷம் பத்தவே பத்தாது. முடியப் போகுதுன்னு முன்னாடியே சொல்லி, ஒரு பட்டன்ல நீட்டிக்க விடுங்க.

இப்ப நிஜமான தலைவலிக்கு வர்றேன், பிடிஎஃப். நம்ம சைட்ல பாதி விஷயம் அதுலதான் இருக்கு, அதுல பாதி ஸ்கேன். ஸ்கேன்னா அது வெறும் போட்டோ, என்விடிஏக்கு வெத்துப் பக்கம். அதைவிட மோசம் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சது. கண்ணுக்கு அழகான தமிழ், உள்ள முழுக்க இங்கிலீஷ் எழுத்து. பாமினில அடிச்ச "தமிழ்"ங்கற வார்த்தை உள்ள ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும், ஒரு பக்கம் முழுக்க இப்படியே கேட்டுப் பாருங்க. தமிழ் எழுத்தை உள்ளயும் தமிழாவே வைக்கற முறை யூனிகோட், தமிழ்நாடு அரசு 2010லயே அதை ஏத்துக்கிட்டு அரசாணை போட்டாச்சு, செக்ஷன் கம்ப்யூட்டர்லதான் இன்னும் மாறல.

இதுல உச்சம், தேர்வுக்கு ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதற ஆள் கேட்டு கொடுக்கற விண்ணப்பம் எங்க சைட்ல சாய்ஞ்ச ஸ்கேனா இருந்தது, நடுவுல சீல் வேற. யாருக்காக அந்த ஃபார்மோ அவங்களால மட்டும் அதைப் படிக்க முடியாது.

என்ன செய்யலாம்னா, சர்க்குலரை யூனிகோட்ல அடிச்சு சாதா வெப் பேஜாவே போடுங்க. "கையெழுத்தும் சீலும் இருந்தாத்தான் செல்லும்"னு சூப்பரிண்டெண்ட் சொல்வார், சண்டை போடாதீங்க, பேஜ்ல முழு டெக்ஸ்ட், அடியில கையெழுத்து போட்ட ஸ்கேனுக்கு லிங்க், ரெண்டு பேரும் சந்தோஷம். பிடிஎஃப்தான் வேணும்னா வேர்ட்ல ஹெட்டிங்கை ஹெட்டிங் ஸ்டைல்லயே போட்டு சேவ் ஆஸ் பிடிஎஃப் கொடுங்க, பிரிண்ட் டு பிடிஎஃப் போனா இது ஹெட்டிங்னு ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ற டேக் எல்லாம் போயிடும். பழசு ஆயிரக்கணக்குல இருக்கும், எல்லாத்தையும் மாத்தறேன்னு கிளம்பினா நடக்காது, இந்த வருஷ சிலபஸ், ஃபார்ம், ரெகுலேஷன் மட்டும் எடுங்க. ஸ்கேனை கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா தமிழ் எழுத்தா மாத்திக் குடுக்கும், ஆனா ஒரு ஆள் உக்காந்து சரிபாக்கணும், ன-வும் ண-வும் மாறி நிக்கும்.

பேஜோட மொழியையும் கோட்ல சொல்லணும். எங்க டெம்ப்ளேட்ல தமிழ் பேஜுக்கும் இங்கிலீஷ்னே இருந்தது, இங்கிலீஷ் குரல் தமிழைப் படிக்கப் போய் உளறும், இல்ல கம்முனு இருந்துடும்.

மத்ததை வேகமா சொல்லிடறேன். ஓடிக்கிட்டே இருக்கற அறிவிப்பை எடுத்துடுங்க, இல்ல நிறுத்தற பட்டன் வைங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5:1 வேணும், வெள்ளையில மஞ்சள் எழுத்து யாருக்குமே ஆகாது. பாஸுக்கு பச்சை, ஃபெயிலுக்கு சிவப்புன்னு கலரை மட்டும் நம்பாதீங்க. காது கேக்காதவங்களுக்கு ஹெல்ப்லைன் நம்பர் மட்டும் குடுத்து என்ன பிரயோஜனம், மெயிலும் வேணும். வீடியோவுக்கு கேப்ஷன் ஏத்தும்போதே போடுங்க. அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டி 2017ல 20,000க்கும் மேல லெக்சர் வீடியோவை பப்ளிக் பார்வையில இருந்து எடுத்துடுச்சு, கேப்ஷன் மாதிரி குறையை எல்லாம் சேர்ந்துபோன பிறகு சரிபண்ற செலவுக்கு பயந்து.

ஒரு லைன் ஸ்கிரிப்ட் போட்டா சைட் தானா சரியாயிடும்னு ஒருத்தர் விக்க வருவார். வாங்காதீங்க. அப்படி சொல்லி வித்த ஒரு கம்பெனி மேல அமெரிக்காவுல நுகர்வோரைப் பாதுகாக்கற அரசு அமைப்பு எஃப்டிசி 2025ல 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லிடுச்சு. லேபிள் இல்லாத பாக்ஸோட பேர் என்னன்னு அந்த ஸ்கிரிப்ட் குத்துமதிப்பாத்தான் சொல்லும்.

மேலிடத்துல அப்ரூவல் வாங்க சட்டத்தை எடுத்துட்டுப் போங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறற உயர்கல்வி நிறுவனங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கறது 5 சதவீத சீட்டுக்குக் குறையக் கூடாதுங்குது, அதே சட்டம் இணைய அணுகலையும் கேக்குது. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தோட அணுகல் விதிகள் வெறும் ஆலோசனை மாதிரி இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிடுச்சு. நோட் ஷீட்ல இதை முதல் பாராவா போட்டா ஃபைல் கொஞ்சம் வேகமா நகரும், அனுபவம்.

எங்க ஃபீஸ் பேஜை அந்தத் தம்பி இப்ப ஆறு நிமிஷத்துல முடிக்கறான். ரிசல்ட் டேபிள்தான் பாக்கி, மார்க் வருது, எந்த பேப்பரோடதுன்னு சொல்ல மாட்டேங்குது, தலைப்பு செல்லை கோட்ல தலைப்புன்னு காட்டற டிஎச் (th) டேக்கா மாத்தியிருக்கேன், வியாழக்கிழமை வந்து கேட்டுப் பாக்கறேன்னு சொல்லியிருக்கான்.