முஸ்கடே ஒயினை ருசித்துப் பழகுவது எப்படி?

பிரெஞ்சு வெள்ளை ஒயினில் எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், முஸ்கடேயில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் பகுதியில், நாந்த் நகரத்தை ஒட்டி விளையும் ஒயின் இது. இனிப்பு கிடையாது, தூக்கலான பழ வாசனையும் கிடையாது. அதனாலேயே செய்முறையின் சுவடு நாக்குக்கு நன்றாகத் தெரியும்.

படி 1: லேபிளைப் பாருங்கள்

'முஸ்கடே செவ்ர் எ மேன்' என்ற பெயரும், அதோடு 'சூர் லி' என்ற சொல்லும் இருக்கிற பாட்டிலாக எடுங்கள். செவ்ர், மேன் இரண்டும் அந்தப் பக்கத்து ஆறுகள். 'சூர் லி'தான் முக்கியம்: ஒயின் மண்டியோடு கிடந்தது என்று அர்த்தம். சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். பல வெள்ளை ஒயின்களைச் சீக்கிரமே தெளிய வடித்துவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைத்து, மார்ச் பிறந்த பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். பல பண்ணைகளில் இதற்கென்றே தரைக்கடியில் தொட்டி கட்டியிருக்கிறார்கள். செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து, மெலிந்த ஒயினுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு தருகிறது.

பெயரைப் பார்த்து மஸ்கட் திராட்சை என்று நினைத்துவிட வேண்டாம். இதன் திராட்சை மெலோன் த பூர்கோன். கிழக்கு பிரான்சின் பர்கண்டி பகுதியிலிருந்து வந்தது, ஷார்டனே என்ற பெயர்பெற்ற வெள்ளைத் திராட்சைக்கு உடன்பிறப்பு. 1709-இல் அடித்த கொடும் பனியில் இந்தப் பகுதியின் கொடிகள் பெரும்பாலும் பட்டுப்போயின. குளிரைத் தாங்கும் மெலோன் அதற்குப் பிறகுதான் ஊரெங்கும் பரவியது. பிராந்தி காய்ச்ச வெள்ளை ஒயின் தேடிய டச்சு வியாபாரிகளுக்கும் அதில் பங்குண்டு.

படி 2: அளவாகக் குளிர வையுங்கள்

8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது.

படி 3: முகர்ந்து பாருங்கள்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, லேசாகச் சுழற்றி முகருங்கள். முதலில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள். அவசரப்படாமல் இன்னொரு தடவை முகர்ந்தால், பிசைந்து வைத்த பன் மாவின் வாசம் அடியில் இருக்கும். அது மண்டி தந்தது.

படி 4: ஒரு வாய் குடியுங்கள்

உடனே விழுங்காமல் நாக்கில் பரவ விடுங்கள். நுனியில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வரலாம். நொதித்தபோது உண்டான கரியமில வாயுவின் மிச்சம் அது, கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அப்புறம் புளிப்பு ஏறி எச்சில் ஊறும், கடைசியில் லேசான உப்புக்கரிப்பு. ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதனால் தொண்டை எரியாது.

படி 5: சாப்பாட்டோடு பாருங்கள்

நாந்த் பக்கம் இதற்கு ஜோடி வேகவைக்காத சிப்பிதான். ஒரு சிப்பி, ஒரு வாய் ஒயின். கடல் உப்பும் ஒயினின் புளிப்பும் சேரும்போது இரண்டின் ருசியும் கூடுகிறது. சிப்பி கிடைக்காவிட்டால் வேகவைத்த இறால் போதும், மசாலா வேண்டாம்.

படி 6: அடுத்த பாட்டில்

இந்தச் சுவை பிடிபட்டதும் கிளிசோன், கோர்ஜ் என்ற ஊர்ப் பெயர் போட்ட முஸ்கடே தேடுங்கள். இவற்றுக்கு 2011-இல் தனி அங்கீகாரம் கிடைத்தது. கிளிசோனில் கருங்கல் மண், கோர்ஜில் கப்ரோ என்ற, பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகி உண்டான பாறை. இரண்டையும் மண்டியோடு இன்னும் நீண்ட காலம் வைப்பார்கள். சாதாரண சூர் லி பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். மண்டியோடு கூடுதலாகக் கிடந்ததன் கனம் உடனே தெரியும்.