ஹாஸ்டலில் தங்கி பிளஸ் ஒன் படிக்கப் போகிறாயா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளி தேடிக் கிளம்பும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு விஷயம். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், இப்போது தனியாருக்கு மாறியதும் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். நீட் எழுதும் எண்ணம் இருந்தால் இதை வீட்டில் பேசாமல் சேராதே.

சரி, சேர்ந்தாயிற்று. வாளி, மக், பூட்டுக்கு இரண்டு சாவி (ஒன்றை வார்டனிடம் கொடுத்து வை), பருப்புப் பொடி, கொஞ்சம் நல்லெண்ணெய். துணிகளில் பெயரை நூலால் தைத்துக்கொண்டு போ, மார்க்கர் மை நாலு சலவையில் போய்விடும். துண்டையும் சோப்பையும் யாருக்கும் கொடுக்காதே, நெருங்கிய நண்பனே கேட்டாலும் சரி. படர்தாமரை ஒருவனுக்கு வந்தால் அறை முழுக்க வரும், வந்ததை வெட்கப்பட்டு மறைப்பதால்தான் அது பரவுகிறது.

காலையில் ஐந்து மணிக்கெல்லாம் பெல் அடித்துவிடுவார்கள், இரவு ஸ்டடி பத்து வரை போகும், அதற்கு மேலும் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தால் மறுநாள் இயற்பியல் வகுப்பில் தூங்கி விழுவாய், அதில் ஒரு லாபமும் இல்லை.

படிப்பில் முதல் அடி தினத்தேர்வில்தான் விழும். பத்தாவதில் 480 எடுத்தவர்கள்கூட முதல் மாதம் பாதி மதிப்பெண்ணில் நிற்பார்கள். பயப்படாதே, ஆனால் வினாத்தாளின் அமைப்பை முதல் வாரமே புரிந்துகொள். பிளஸ் டூ இயற்பியல், வேதியியலில் எழுத்துத்தேர்வு 70: ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். கணிதம் 90, அதில் ஒரு மதிப்பெண் மட்டுமே 20. பல பிள்ளைகள் ஐந்து மதிப்பெண் வினாக்களையே உருப்போட்டுக்கொண்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். தேர்வுத்தாள் கைக்கு வந்த அன்றே தப்பாகப் போன ஒரு மதிப்பெண் வினாக்களை ஒரு நோட்டில் பாடப்புத்தகப் பக்க எண்ணோடு எழுதி வை. புரியாததை அன்றிரவு ஸ்டடியிலேயே ஆசிரியரிடம் கேள். எல்லோருக்கும் புரிந்த மாதிரிதான் தெரியும், நீ கேட்டதும் பின்னால் நாலு பேர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அழுகை வரும், குறிப்பாக ஞாயிறு சாயங்காலம். வரட்டும். ஆனால் யாராவது அடித்தாலோ, உடம்பு சரியில்லை என்று சொல்லியும் கவனிக்காமல் விட்டாலோ பொறுத்துப் போகாதே, வீட்டில் சொல். அதற்கு வழியில்லை என்றால் 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டில் ஒன்றுக்குப் போன் போடு. போனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, என்ன சாப்பிட்டாய், எதில் மார்க் குறைந்தது என்று சொல். அப்புறம் பார்க்க வரும் அன்று அந்தத் தேர்வுத்தாள்களையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வா.