பாரிசவாதத்துக்குப் பிறகு நடை: முற்றத்தில் பழக்கும் முறை

பாரிசவாதம் வந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டுபேர் இரு கையிலும் பிடித்து இழுத்து நடத்துவது வழக்கம். அப்படி இழுக்கும்போது நல்ல கால்தான் வேலை செய்கிறது. வழங்காத கால் பாரம் தாங்கப் பழகாமல் நடை திருந்தாது. வழங்காத கையில் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் நோகும்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து அடிக்கடி கிளினிக்குக்குப் போய்வருவது லேசான காரியமில்லை. அதனால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) காட்டித்தந்ததை வீட்டில் நாள் தவறாமல் செய்வதில்தான் பலன் இருக்கிறது. எப்போது தொடங்கலாம், பிரஷர் எவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கதிரையிலிருந்து எழும்பப் பழக்குங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். கைபிடியுள்ள மரக்கதிரையைச் சுவரோடு முட்டக்கொடுத்து வையுங்கள். இருக்கை அவருடைய முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குப் பின்னே வரும்படி இழுத்து வைத்து, வழங்காத பாதத்தை இன்னும் ஒரு இரண்டு விரல் பின்னுக்கு வையுங்கள். மூக்கு கால்விரல் நுனியைத் தாண்டும்வரை குனிந்து எழும்ப வேண்டும். குனியாமல் எழும்பப் பார்த்தால் பின்பக்கம் விழுவார். இருக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு 10, நாளுக்கு மூன்று தடவை. களைத்தால் 5 போதும், ஆனால் விடக்கூடாது.

அடுத்தது நிற்பது. நல்ல கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஒரு அடி முன்னே வைத்து, திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் முழுப்பாரமும் வழங்காத காலில் இறங்கும். முழங்காலைக் கவனியுங்கள். அது பின்னுக்கு அடித்துப் பூட்டினால் காலப்போக்கில் மூட்டின் பின்பக்கம் இழுபட்டு நோகும். ஒரு துளி மடிந்தே நிற்கப் பழக்குங்கள்.

நடத்தும்போது பிடிப்பவர் வழங்காத பக்கம், அரை அடி பின்னே நிற்க வேண்டும். சால்வையை மடித்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதைப் பிடியுங்கள். சாரம் காலில் தடக்கும், கட்டைக் காற்சட்டை நல்லது. பாட்டா செருப்பு கழன்றுபோகும், பின்வார் உள்ளதைப் போடுங்கள். பொல்லு நல்ல கையில். கை தொங்கும்போது பொல்லின் தலை மணிக்கட்டு மடிப்போடு நிற்கவேண்டும். முதலில் பொல்லு, பிறகு வழங்காத கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முந்தும், இறங்கும்போது வழங்காத கால் முந்தும்.

காலையில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகு நடத்துங்கள். வெயிலும் இராது, ஈரமண்ணில் அடையாளமும் விழும். விரல் நுனி கோடு இழுத்திருந்தால் பாதம் தூக்குப்படவில்லை, கணுக்கால் தாங்கி தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். கோடு வெளிப்பக்கமாக வளைந்திருந்தால் முழங்காலை மடிக்காமல் இடுப்பால் வீசி எடுக்கிறார். நல்ல கால் வழங்காத காலைத் தாண்டாமல் பக்கத்திலேயே விழுந்திருந்தால் இன்னும் அந்தக் காலை நம்பிப் பாரம் போடவில்லை. அப்படியென்றால் தூரத்தைக் கூட்டாமல் யன்னல் கம்பிப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு முள்ளும் சுடுமண்ணும் தெரியாது. சீனி வருத்தமும் இருந்தால் ஒவ்வொரு பின்னேரமும் உள்ளங்காலைக் கட்டாயம் பாருங்கள். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் உடனே இருத்துங்கள். வாய் கோணினால், பேச்சுக் குளறினால், கை திடீரென்று விழுந்தால் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை 10 மீற்றர் கயிற்றால் அளந்து நேரம் பாருங்கள். 25 செக்கனுக்கு மேலே போனால் வீட்டோடும் முற்றத்தோடும் நிற்கட்டும். 12 செக்கனுக்குள் தடுமாறாமல் வந்தால், துணையோடு படலைக்கு வெளியே கிரவல் தெருவில் நடத்திப் பார்க்கலாம்.