மூட்டைக்கு ஒரு பைசா

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரிக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பின்னால் பைத்தான், திரையில் ஜாவாஸ்கிரிப்ட் என்று இரண்டு நிரல்மொழிகள். குறுவை அறுவடையில் 1,200 மூட்டை ஏறியது. ஏற்றுக்கூலி மூட்டைக்கு 4.35 ரூபாய். 5,220 வர வேண்டிய இடத்தில் 5,208. “தம்பி, மீதி 12 ரூபாய் எங்கே?” என்றார் மூட்டை தூக்கும் அண்ணன். மனக்கணக்குதான்!

தப்பு என்னுடையது. பைத்தானில் கூலியை டெசிமலில், அதாவது பைசா பிசகாத பதின்ம எண்ணாக வைத்திருந்தேன். திரைக்குத் தரவு கொண்டுபோகும் ஜேசான் வடிவத்துக்கு மாற்றும்போது பைத்தான் அதை அப்படியே வாங்காது என்று, பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டாக மாற்றி அனுப்பியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும். பைசாவாக்க, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் ஃப்ளோர் வேறு போட்டிருந்தேன். 434 ஆகிவிட்டது.

இப்போது 435 என்று பைசாவையே முழு எண்ணாக அனுப்புகிறேன். புள்ளி வைப்பது திரையில் காட்டும்போது மட்டும். அப்புறம், பைத்தானில் டெசிமலுக்குள் 4.35-ஐ மேற்கோள்குறிக்குள் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளோட்டின் பிசகும் கூடவே உள்ளே வந்துவிடும். அண்ணனுக்கு 12 ரூபாய் அன்றைக்கே கொடுத்தாச்சு.