மசுன்தேயில் இருவராக ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோ கடற்கரை என்றதும் பெரும்பாலோர் கான்கூனுக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். இருவர் மட்டும் அலைச் சத்தத்தோடு சும்மா இருக்க வேண்டுமானால் பசிபிக் கரைக்குப் போங்கள். அங்கே வஹாக்கா மாநிலத்தில் இருக்கும் மசுன்தே, நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்ன ஊர். குறைந்தது ஐந்து இரவு தங்குங்கள். ஒரே வாரத்தில் மூன்று ஊர் என்று திட்டம் போட்டால் பெட்டி கட்டுவதிலேயே ஓய்வு போய்விடும்.

1. மாதமும் விசாவும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் கொசுவும் அதிகம். கிறிஸ்துமஸ் வாரத்தையும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மெக்சிகோக்காரர்களே குடும்பத்தோடு கடற்கரைக்கு வரும் நாள்கள் அவை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை.

2. போய்ச் சேர

மெக்சிகோ சிட்டியிலிருந்து வதுல்கோவுக்கு விமானம். அங்கிருந்து மசுன்தேவுக்கு டாக்ஸியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். செலவைக் குறைக்க, பஸ்ஸில் பக்கத்து நகரமான போச்சுத்லா வரை வந்து, அங்கே 'கொலெக்தீவோ' என்ற ஷேர் டாக்ஸி பிடிக்கலாம். பின்பக்கம் பெஞ்சு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றில் ஏறினால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள நேரும், ஆகவே சக்கரப் பெட்டிக்குப் பதில் தோள்பை நல்லது.

போச்சுத்லாவிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். மசுன்தேயில் பல கடைகள் கார்டு வாங்குவதில்லை, அங்கே இருக்கும் ஏடிஎம்மிலும் பணம் தீர்ந்துபோகும். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுக் கழிக்கவா?' என்று எந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். எந்திரம் போடும் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்குத்தான். விலைப்பலகையில் டாலர் குறி இருந்தால் பயப்பட வேண்டாம். மெக்சிகோ நாணயமான பெசோவுக்கும் அதே குறிதான்.

3. அறையில் முதல் ஒரு மணி நேரம்

பல அறைகள் 'பலாபா' எனப்படும் ஓலைக் கூரை போட்டவை. காற்று நன்றாக வரும், கொசுவும் வரும். கட்டிலுக்கு மேல் தொங்கும் வலையை விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். படுக்கும்போது வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். வெறுமனே தொங்கவிட்டால் வலை இருந்தும் பயனில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 'கர்ரஃபோன்' என்று கேளுங்கள், 20 லிட்டர் கேன் கிடைக்கும். பல் துலக்கவும் அந்தத் தண்ணீரே நல்லது.

மின்சாரம் 127 வோல்ட், தட்டைப் பின். செல்போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கெட்டிலில் வழக்கமான சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. ஏணையில் படுப்பது

இதைச் சரியாகக் கற்றுக்கொண்டால் பாதி விடுமுறை அதிலேயே இனிமையாகக் கழியும். வலைப்பின்னல் ஏணையில் (ஹேமக்) 'மத்ரிமோனியால்' என்றொரு அளவு உண்டு, அதாவது தம்பதி அளவு. நடுப்பகுதி நாற்காலி உயரத்தில் தொங்கும்படி, நன்றாகத் தொய்வு விட்டுக் கட்டுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஓரங்கள் எழும்பி இருவரையும் நடுவில் நசுக்கிவிடும். ஒருவர் முதலில் நடுவில் உட்கார்ந்து, பின்னலை இரு கையாலும் விரித்து, கோணலாகச் சாய வேண்டும். தலை ஒரு ஓரத்திலும் கால் எதிர் ஓரத்திலும் இருந்தால் முதுகு வளையாது. அதன்பிறகு இரண்டாமவர் அதே கோணத்தில் பக்கத்தில் சாயலாம்.

5. கடலில் இறங்குமுன்

இங்கே உயிர்ப் பிரச்சினை கடல் ஒன்றுதான். ஊர்க் கடற்கரையின் மேற்கு மூலையான ரிங்கோன்சீத்தோவில் அலை பெரும்பாலும் தணிந்திருக்கும். மறுபக்கத்து மெர்மெஹீத்தா பார்ப்பதற்கு மட்டும், அங்கே குளிக்காதீர்கள். பக்கத்து ஊரான சிப்போலீத்தேயிலும் இழுப்பு கடுமை.

இறங்குமுன் ஐந்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாக அமைதியாகத் தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். பாதுகாப்பான இடம் என்று நினைத்து அங்கேயே இறங்குவதுதான் பலர் செய்யும் தவறு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி.

6. சாப்பாடு

சைவர்கள் கவனிக்க: பயறு மசியலில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது அங்கே வழக்கம். 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது. 'லியேவா மந்தேக்கா?', கொழுப்பு சேர்த்ததா, என்று தனியாகக் கேளுங்கள். சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக வராது. விரட்டுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்க வேண்டும். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம்.

7. மாலைகள்

ஆமை வேட்டைக்கு 1990இல் தடை வரும்வரை இந்தக் கரையின் பிழைப்பே அதுதான். இன்று ஊரில் ஆமை அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கே முட்டையிட வருவதில் அதிகம், சென்னைக் கடற்கரைக்கும் வருகிற அதே பங்குனி ஆமை இனம். குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க நேர்ந்தால் கையால் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

ஒரு மாலை புந்தா கொமேத்தா முனைக்கு நடங்கள். ஊரிலிருந்து அரை மணி நேரம். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினால் புல்மேட்டில் உட்கார இடம் கிடைக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் விழுந்த சற்று நேரத்திலேயே இருட்டிவிடும், இறங்கும் பாதையில் விளக்கு கிடையாது.