மூளை அறுவைக்குப் பின் சோடியம் குறையும்போது நீர்க்கணக்கை எழுதும் முறை

நரம்பியல் அறுவை சிகிச்சைத் தீவிரப் பிரிவில் புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். ரத்தம் எடுப்பதும் டிரிப்ஸ் ஏற்றுவதும் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ரத்தச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருப்பதாக ஆய்வக அறிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்பவர் மருத்துவர்தான். ஆனாலும், அவர் முடிவெடுக்க நம்பியிருக்கும் எண்களில் பெரும்பாலானவை நாம் எழுதுபவை.

முதற்படி, அந்த எண் மெய்யானதா என்று பார்ப்பது. 5% டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கையிலிருந்தே ரத்தம் எடுத்திருந்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து தெரியும். மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பெறுபவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது வழக்கம். சர்க்கரை 100-ஐத் தாண்டி ஒவ்வொரு 100 மில்லிகிராம் கூடும்போதும் சோடியம் ஏறக்குறைய 1.6 முதல் 2.4 வரை இறங்கும் என்பதால் சர்க்கரை அளவையும் சேர்த்தே தெரிவியுங்கள். காலையில் ரத்த வாயுக் கருவியிலும் மாலையில் ஆய்வகத்திலும் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடருங்கள்.

இரண்டாவது, நோயாளியின் நிலை. ரத்தத்தில் சோடியம் குறையும்போது நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து வீக்கத்தைக் கூட்டும். நேற்று பெயரைத் தெளிவாகச் சொன்னவர் இன்று தடுமாறினாலோ, வாந்தியோ வலிப்போ வந்தாலோ, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். 3% உப்புக் கரைசலில் 150 மி.லி.யை 20 நிமிடத்தில் ஏற்றும்படி ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுவது இத்தகைய கடும் அறிகுறிகளுக்குத்தான்.

மூன்றாவது, காரணத்தைப் பிரித்தறிவது. இந்தப் படியில்தான் நான் தடுமாறினேன். மூளை நோயாளிகளுக்குச் சோடியம் குறைய முக்கியக் காரணங்கள் இரண்டு. சிறுநீரைத் தடுக்கும் ஏடிஎச் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து, உடலில் நீர் தேங்கி உப்பு நீர்த்துப்போவது ஒன்று. இதை எஸ்ஐஏடிஎச் என்பார்கள். மூளைப் பாதிப்பினால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ள, அதனுடன் நீரும் போய் உடல் வறண்டுவிடுவது மற்றொன்று. இதற்கு 'செரிபிரல் சால்ட் வேஸ்டிங்' என்று பெயர். இரண்டிலும் சிறுநீர்ச் சோடியம் உயர்ந்தும் சிறுநீர் அடர்ந்தும் இருப்பதால் அந்தப் பரிசோதனைகளால் மட்டும் பிரித்தறிய முடியாது. ஆனால் சிகிச்சை நேரெதிரானது. முன்னதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பின்னதற்கு உப்பையும் நீரையும் ஈடுகட்ட வேண்டும். முன்னதற்குச் சாதாரண 0.9% சலைன் ஏற்றினால் சில வேளைகளில் சோடியம் இன்னும் இறங்கும்.

மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து கிளிப்பிங் செய்யப்பட்ட ஒருவருக்கு ஏழாம் நாள் சோடியம் 128 என்று வந்து, தண்ணீர் ஒரு லிட்டராகக் குறைக்கப்பட்டது. காலை ஆறு மணிக்குப் புதுத்தாள் வைத்து, உள்ளே போன நீரையும் வெளியேறிய நீரையும் எழுதும் கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்குவது எங்கள் பழக்கம். முதல் நாள் 700 மி.லி. குறைவு, அடுத்த நாள் 900, அதற்கடுத்த நாள் 1,100 என்று நாங்களே எழுதியிருந்தோம். தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் உறுத்தவில்லை. அன்றிரவு மூன்று தாள்களையும் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் அருகருகே வைத்துக் கூட்டியபோதுதான் 2.7 லிட்டர் போயிருப்பது தெரிந்தது. நாக்கு உலர்ந்திருந்தது, நாடித்துடிப்பு 112. பணி மருத்துவர் வந்து கட்டுப்பாட்டை நீக்கி, உப்புக் கரைசலும், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மருந்தும் தொடங்கினார்.

ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தவர்களுக்கு மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதுண்டு. உடலில் நீரும் குறைந்தால் அவற்றின் வழியே மூளைக்கு ரத்தம் போவது மேலும் தடைப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த வைடிக்ஸ் குழுவினர் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், சோடியம் குறைந்ததற்காகத் தண்ணீர் குறைக்கப்பட்ட 26 பேரில் 21 பேருக்கு மூளைத் திசு மடிந்த பாதிப்பு ஏற்பட்டிருந்தது. ஆகவே தாளின் அடியில் 'இதுவரை மொத்தம்' என்று ஒரு வரி சேர்த்து, முந்தைய நாளின் மிச்சத்தை எடுத்தெழுதுங்கள்.

கணக்கில் விடுபடுபவை பெரும்பாலும் சிறியவை. ஆன்டிபயாடிக் கலக்கும் 100 மி.லி. சலைன், மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபைக் கழுவ ஊற்றும் நீர் ஆகியவை வரவு. தலையிலிருந்து வடியும் மூளைத் தண்டுவட நீர், வாந்தி, பேதி ஆகியவை செலவு. பார்வை நேரத்தில் உறவினர் அன்போடு கொடுக்கும் இளநீரும் வரவுதான். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சிறுநீரை அளக்க வெறும் பையைவிட மணிக்கணக்கில் காட்டும் யூரோமீட்டரையே நான் விரும்புகிறேன். அதைவிடவும் நம்பத்தக்கது, அதே தராசில் அதே நேரத்தில் தினமும் பார்க்கும் எடை. ஓரிரு நாளில் ஒரு கிலோ இறங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது.

கடைசிப் படி, ஏறும் வேகத்தைக் கவனிப்பது. 24 மணி நேரத்தில் 10-க்கு மேல் சோடியம் ஏறக்கூடாது. மதுப்பழக்கம், ஊட்டக்குறைவு, பொட்டாசியக் குறைவு உள்ளவர்களுக்கு 8 என்ற எல்லையே பாதுகாப்பானது. விரைந்து ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படலாம். சிறுநீர் திடீரென்று தெளிந்து மிகுதியாக வரத் தொடங்கினால் சோடியம் தாவப்போகிறது என்று பொருள். அடுத்த வேளை வரை காத்திராமல் அப்போதே தெரிவியுங்கள்.

பின்சேர்க்கை: பிட்யூட்டரி அறுவை முடிந்தவர்களைப் பற்றி வாசகர் இருவர் கேட்டிருந்தார்கள். முதல் நாட்களில் சிறுநீர் வெள்ளமாகப் போய்ச் சோடியம் ஏறுவதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாகி இறங்குவதும் இவர்களிடம் உண்டு. பலர் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். எனவே ஏழாம் நாளையொட்டிச் சோடியம் பார்க்க வர வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது தாளில் எழுதிக் கொடுங்கள். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் அந்த நாள்வரை பொறுத்திருக்க வேண்டாம் என்பதையும் வீட்டாரிடம் நேரில் சொல்லுங்கள்.